நிமிர்ந்து நின்ற நாடா

திருத்தணியில் கூராக நிமிர்ந்து நிற்கும் எதுவும் வேல்தான். வெற்றிலையைக் காம்பு கீழே இருக்கும்படி பிடித்தால் வேல். பள்ளிக்கூடத்தில் அரச இலை வரையச் சொன்னால், காம்பை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டுத்தான் பிள்ளைகள் பலகையைக் கீழே வைப்பார்கள். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆகவே இங்கே நான் எழுதப்போவதை அறியாமல் செய்த பிழை என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். முதல் பிழை மட்டும்தான் அறியாமல் நடந்தது.

யுத்தம் முடிந்த சமயத்தில் சென்னையில் பி.ஏ. தேறி ஊருக்குத் திரும்பினேன். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. சர்க்கார் ஆபீஸான கச்சேரியில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், நெசவாளர் தெருவில் இரண்டும். எங்கள் வீட்டில் நான்கு தறிகள் ஓடின. எனக்கு நெசவு கை வரவில்லை, பேச்சு வந்தது. சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் கொடுத்த, அட்டை கிழிந்த ஆங்கிலச் சிறுநூல் ஒன்று என் பெட்டியில் இருந்தது. சிண்டிகலிசம் என்ற கொள்கையைப் பற்றியது. உழைப்பவர்களின் சங்கமே உழைப்பை நடத்தவேண்டும். முதலாளி வேண்டாம், தேர்தலுக்கு நிற்கும் கட்சி வேண்டாம், கடைசியில் சர்க்காரே வேண்டாம். பட்டறைக்குப் பட்டறை சங்கம், சங்கங்கள் கூடினால் அதுதான் நாடு. இதுதான் அதன் சாரம். அதில் முத்திரைகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதிகாரத்துக்குப் பயப்படாதவனும் தெய்வத்துக்குப் பயப்படுவான், அதனால்தான் எல்லா அரசுகளும் தங்கள் முத்திரையில் எங்கேயாவது தெய்வத்தை ஒட்டிவைக்கின்றன என்று அந்தப் பக்கம் சொன்னது. அதை நான் மனப்பாடமாகவே சொல்வேன்.

அந்தப் புத்தகத்தை நான் தமிழில் சொல்லக் கேட்டவர்களில் ஒருவர்தான் அதை உண்மையாக எடுத்துக்கொண்டார். அவர் சாயக்காரர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவருடைய சாயப்பட்டறை இருந்தது. பட்டறை என்றால் கூரை ஒன்று, மூன்று தொட்டி, நூல் உலர்த்த மூங்கில் வரிசை. முழங்கைவரை அவர் கைகள் நீலமாக இருக்கும், நகக்கண்ணில் சிவப்பு. முஸ்லிம் என்பதால் ஊரே அவரைப் பாய் என்றது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நெசவாளர்கள் தங்களுக்குள் பாவா என்று மச்சான் முறை சொல்லிக்கொள்வார்கள். அவரும் எங்களை எல்லாம் பாவா என்பார். என்னை விட நாலைந்து வயது பெரியவர், ஆனால் எனக்கும் பாவாதான்.

நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்தார்.

"அதாவது பாவா, கச்சேரி வாசல்ல போய் நின்னுகினு கீறதுக்குப் பதிலா, தறி கிட்டயே கச்சேரி. அதானே?"

"ஆங், அதேதான் பாய்."

யுத்த காலக் கட்டுப்பாடு இன்னும் நீங்காமல் இருந்ததால் நூல் பர்மிட்டில்தான் வரும். பர்மிட் தாளின் தலையில் ராஜாவின் முத்திரை. சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் நிற்க, கீழே ஏதோ எழுத்து. அது என்ன எழுத்து என்று பாய் ஒருநாள் கேட்டார். பிரெஞ்சு மொழி, 'கடவுளும் என் உரிமையும்' என்று அர்த்தம் என்றேன்.

"பத்து சிட்டம் நூல் குடுக்க கடவுள் ஜாமீனா!" என்று சிரித்தார். "நல்லவேளை, நம்ம ஜனத்துக்கு பிரெஞ்சு தெரியல. தெரிஞ்சிருந்தா அந்தக் குதிரைக்கும் மஞ்சள் குங்குமம் வச்சிருப்பாங்க."

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சங்கத்தைத் தொடங்கினோம், நான் செகரெட்ரி. தெருத் தெருவாக அவர் என்னோடு நடந்தார். நெசவாளர்களுக்கு அமாவாசையன்று தறி நிற்கும், ஆகவே சங்கக் கூட்டம் அமாவாசைப் பிற்பகலில். அமாவாசை வெள்ளிக்கிழமையில் விழுந்தால் பாய் ஜும்மா தொழுகை முடித்துத் தாமதமாக வருவார். கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாங்களும் யோசித்ததில்லை.

சங்கம் வளர்ந்து, பர்மிட் நூலைப் பங்கிடும் பொறுப்பு எங்கள் கைக்கு வந்தது. யாருக்கு நூல், எந்தப் பட்டறைக்குச் சாய வேலை என்பதைச் சங்கம் தீர்மானித்தது. புத்தகத்தில் படித்தது கண்முன் நடக்கிறதே என்று எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு விதி எழுதினேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் உறுப்பினர் அட்டையில் சங்க முத்திரை பதியவேண்டும். முத்திரை இல்லாத அட்டைக்கு நூலும் இல்லை, வேலையும் இல்லை. கருங்காலிகளை வெளியே வைக்கத்தான் அந்த விதி. பாய்தான் அதை முன்மொழிந்தார்.

முத்திரைக்கு நான் படம் போட்டேன். தறியில் இங்கும் அங்கும் பறக்கும் நாடா, இரு முனையும் கூராகப் படகு போலிருக்கும் கட்டை. அதன் ஒரு முனையிலிருந்து ஊடை நூல் நேராக ஓடும். நாடாவும் நூலும் படுத்த வாக்கில் ஒரு வட்டத்துக்குள். பென்சிலால் வரைந்து, ஓரத்தில் குறிப்பும் எழுதி, மலையடிவாரத்தில் விபூதிப் பொட்டலங்களுக்கு அச்சுக்கட்டை செதுக்கிக் கொடுப்பவரிடம் தந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கட்டை வந்தது. மையில் தொட்டுத் தாளில் பதித்தேன். வட்டத்துக்குள் நாடா எழுந்து நின்றது. ஊடை நூல் கீழே தண்டாக இறங்கியிருந்தது. செதுக்கியவர் தம் பங்குக்கு நாடாவின் வயிற்றில் மூன்று பட்டைக் கோடும் போட்டிருந்தார்.

"இன்னாங்க இது? படுத்தாப்போலதானே வரைஞ்சு குடுத்தேன்?" என்று போய்க் கேட்டேன்.

"வேலை யாராவது படுக்கப் போடுவாங்களா சார்? மலைக்குக் கீழ உக்காந்துகினு அந்தப் பாவம் நான் பண்ணுவனா? நீங்க அவசரத்துல தாளை சாய்ச்சுப் புடிச்சி வரைஞ்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"வேல்னு யாரு சொன்னா?"

அவர் தட்டுக்கடியிலிருந்து என் தாளை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. 'வட்டத்துக்குள் நம் வேலை காட்டும் படம்.'

வேலையைக் காட்டும் படம் என்று எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் 'யை' விட்டுப்போயிருந்தது. நான் தொழிலைச் சொன்னேன், அவர் முருகன் கை வேலைப் படித்தார். வேலைக் காட்டும் என்றால் இடையில் ஒரு 'க்' வந்திருக்க வேண்டாமா என்று அவரிடம் இலக்கணம் பேச முடியுமா? பி.ஏ. தேறியவன் நான். அவர் ஊர் வழக்கப்படி படித்தார்.

வேறு கட்டை செதுக்கச் சொல்லியிருக்கலாம். மறுநாள் அமாவாசை, அட்டைகள் காத்திருந்தன. இந்த ஒரு தடவை மட்டும் என்று எடுத்துவந்தேன்.

அன்று நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனவர்கள், அன்று முத்திரையைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "அட, நம்ம சாமி வந்துட்டாரு!" என்றார் ஒருவர். எங்களைச் சிவப்புக் கட்சிக்காரர்கள், சாமி இல்லை என்கிறவர்கள் என்று ஒதுங்கியிருந்த வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரண்டு அமாவாசைக்குள் நூல் வாங்க நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டியது. என் பேச்சுக்குக் கிடைக்காத கூட்டம் அந்த மரக்கட்டைக்குக் கிடைத்தது.

பாய் முதலில் சிரிக்கத்தான் செய்தார்.

"இன்னா பாவா, நாடா எழுந்து நின்னுகினு கீது? வெறைப்பா போலீசுக்காரன் மாதிரி?"

செதுக்கியவரின் தவறு என்றேன். என் எழுத்துப் பிழையைச் சொல்லவில்லை. அடுத்த முறை மாற்றிவிடுவோம் என்றேன். அடுத்த முறை வந்தது, கட்டை இன்னும் தேயவில்லை என்றேன். மூன்றாம் முறை அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு முருகன் மேல கோவம் இல்ல பாவா. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்குறவங்களுக்கு மஞ்சள் வேட்டி முக்கால்வாசி என் தொட்டில முக்கினதுதான். அது என் கைவேலை, சந்தோசமா செய்யறேன். இது என் அட்டை. இத வச்சிதான் நான் யாருன்னு சங்கம் சொல்லுது. படுக்க வச்சிடுங்க, அவ்ளோதான்."

"கண்டிப்பா பாய்."

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் தாள்கள் மாறின. சுதந்திரம் வந்து ராஜாவின் குதிரையும் சிங்கமும் போய், சென்னை ராஜ்யத்துக்குப் புது முத்திரை வந்தது. நடுவில் கோயில் கோபுரம். நூல் பர்மிட்டின் தலையில் அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அது மனதார வந்த கோபம்தான். எல்லா மதத்தாருக்கும் பொதுவான சர்க்கார் என்று சொல்லிக்கொண்டு தாளின் தலையில் கோபுரம் எதற்கு? கலைச்சின்னம் என்றார்கள், கட்டடம்தானே என்றார்கள். ராஜாவும் அப்படித்தானே சொன்னார், குதிரைதானே என்று. வரும் அமாவாசைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாக அறிவித்தேன். தீர்மானமும் எழுதிவைத்தேன்.

அந்த அமாவாசை வெள்ளிக்கிழமை. நூல் கொட்டகையில் கூட்டம். ஆர்.கே.பேட்டையிலிருந்து புதிதாகச் சேர முப்பது நாற்பது நெசவாளர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் சேர்ந்தால் சுற்றுவட்டார நூல் முழுவதும் எங்கள் கைக்கு வரும். எனக்கு அது பெரிய கனவு. என் பின்னால் துணிப் பதாகை, அதில் எங்கள் முத்திரையை ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். கூட்டம் தொடங்குமுன் அவர்களில் பெரியவராக இருந்தவர் என்னிடம் வந்தார்.

"செகரெட்ரி, ஒரு வார்த்தை. நீங்க சாமி இல்லைன்ற கட்சின்னு எங்க ஊர்ல பேசிகினு கீறாங்க. இது வேல்தானே?"

அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க, வேல்தான். திருத்தணில வேற இன்னா இருக்கும்?" என்றேன்.

அவர் திரும்பிப் பதாகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் வாசலில் பாய் நிற்பதைக் கண்டேன். தொழுகை முடித்து வந்திருந்தார். தலைத் தொப்பி மடித்துச் சட்டைப்பையில் இருந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று தெரியாது. உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். "சர்க்காருக்குச் சாமி எதற்கு? முத்திரை எல்லோருக்கும் என்றால் அதில் இருப்பதும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கவேண்டும். கோபுரத்தைப் பார்க்கும் ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர், இது என் நூல், என் பர்மிட் என்று நினைக்க முடியுமா?" சொல்லும்போது பாயைக் கைகாட்டினேன். கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது.

தீர்மானத்தைப் படிக்குமுன் பாய் எழுந்தார்.

"ஒரு கேள்வி பாவா. கோபுரம் சர்க்காரோடது. சர்க்கார் நம்மது இல்லைன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அவங்க தாள்ல அவங்க கோபுரம் போட்டாலும் சரி, குதிரை போட்டாலும் சரி, எனக்கு ஒண்ணுதான். ஆனா நாளைக்கு சங்கம்தான் சர்க்கார்னும் நீங்கதானே சொன்னீங்க? அப்போ இதுதானே நாளைக்கு சர்க்கார் முத்திரை?" பதாகையைக் காட்டினார். "இத நீங்க எனக்குப் படுக்க வைக்கறேன்னு சொல்லிகினே கீறீங்க. எப்போ?"

ஆர்.கே.பேட்டைக்காரர் என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது நாடா, நான் 'யை' போட மறந்ததால் எழுந்து நிற்கிறது என்று. எல்லோரும் சிரித்திருப்பார்கள், என்னைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள். சில பேர் அட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்.

நான் சொன்னது இது: "பாய், அது நாடா. நெசவாளர் சங்கத்தில் நாடா இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது வேலாகத் தெரிந்தால், கோளாறு உங்கள் கண்ணில்தான். மதத்தைச் சங்கத்துக்குள் கொண்டுவராதீர்கள்."

மேடைத் தமிழில் சொன்னேன். அவரிடம் அதற்கு முன் நான் அப்படிப் பேசியதே இல்லை.

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் கத்தினான். "பாய்க்கு ஊசியக் காட்டினாலும் வேலுன்னுவாருபா! ஜாக்கிரதையா தையுங்க!"

கொட்டகை சிரித்தது. நானும் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை இன்றும் என் முகத்தில் உணர்கிறேன். ஆர்.கே.பேட்டைக்காரரும் சிரித்தார். நாடா என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பாயை அடக்க நான் சொன்ன சாமர்த்தியம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். அது எனக்கு வசதியாக இருந்தது. முத்திரை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று யாரோ முன்மொழிய, கைகள் உயர்ந்தன. எண்ண வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு, சர்க்கார் முத்திரையில் கோபுரம் கூடாது என்ற என் தீர்மானமும் நிறைவேறியது. அதற்குப் பாயும் கை தூக்கினார்.

அடுத்த அமாவாசையன்று முற்பகல், அட்டைக்கு முத்திரை பதிக்கும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். பாய் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் அட்டையை என் முன் வைத்தார். நான் கட்டையை மையில் தொட்டேன். அவர் நீலக் கையை அட்டையின் மேல் வைத்தார்.

"முத்திரை வேணாம் சார். உங்க கையெழுத்து போட்டுக் குடுங்க. அது எனக்குப் போதும்."

பாவா போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாய், விதி..."

"விதி நான் முன்மொழிஞ்சதுதான். தெரியும் சார். நான் சங்கத்தவிட்டுப் போறேன்னு சொல்லலியே. கையெழுத்துதானே கேக்கறேன்."

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "சீக்கிரம் ஆவட்டும் சார், வெயில் ஏறுது" என்று ஒரு குரல். ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டால் நாளை ஒவ்வொருவரும் ஒன்று கேட்பார்கள் என்றேன். சங்கம் என்றால் ஒழுங்கு என்றேன். என் விரலில் பேனா இருந்தது. வருகைப் பதிவில் எழுத வைத்திருந்த பேனா, மை நிறைந்திருந்தது.

"அப்போ முத்திரை இல்லைன்னா வேலை இல்ல. அப்படித்தானே சார்?"

"விதி அப்படித்தான் இருக்கு."

"வேல் இல்லைன்னா வேலை இல்ல" என்று அவர் மெதுவாகத் தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கிண்டலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அட்டையை எடுத்துச் சட்டைப்பையில், தொப்பிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அடுத்தவர் அட்டையை நீட்டினார். நான் பதித்தேன்.

அவர் பட்டறைக்குச் சாய நூல் போவது நின்றது. நிறுத்தச் சொல்லி நான் உத்தரவு போடவில்லை. விதியே நிறுத்தியது, நான் விதியை எழுதியவன் மட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இதே வார்த்தைகளைக் கச்சேரிக் குமாஸ்தாக்கள் சொல்லும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து அவர்களைத் திட்டியிருக்கிறோம். ஒரு மாதத்துக்குள் தொட்டிகள் காய்ந்தன. அவர் மனைவி மூங்கில்களை அவிழ்த்து அடுப்புக்கு வெட்டுவதைத் தண்டவாளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து ஒருநாள் பார்த்தேன். பிறகு வீடு பூட்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் போன சில மாதங்களில் அந்த அச்சுக்கட்டை, மெலிந்த தண்டு இருந்த இடத்தில் விரிசல் விட்டது. புதிதாக ஒன்று செதுக்கவேண்டும். இப்போது கேட்பதற்கு யாரும் இல்லை, அவசரமும் இல்லை. மேசையில் உட்கார்ந்து நாடாவைப் படுத்த வாக்கில் கவனமாக வரைந்தேன். வரைந்து முடித்துப் பார்த்தேன். ஆர்.கே.பேட்டை, வரிசை, கன்னத்தில் போட்டுக்கொண்ட கைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. நானே தாளை நிமிர்த்தித் திருப்பி, மேல் பக்கம் எது என்று அம்புக்குறி போட்டேன். இந்த முறை எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

மறு வருஷம் ஒரு நாள் கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். சாலையோரக் கடை ஒன்றில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பாய். என்னைப் பார்த்ததும் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நல்லா கீறீங்களா சார்?"

"ஆங், இருக்கேன் பாய். நீங்க?"

"கீறேன். நூல் ஒழுங்கா வருதா? தெருவுல எல்லாருக்கும் தறி ஓடுதா?"

"ஓடுது."

அவர் தலையசைத்தார். முத்திரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே நின்றேன். கேட்டால் படுக்க வைத்துவிட்டோம் என்று பொய் சொல்வதற்குக்கூட வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். பஸ் வந்தது. என் பையைத் தூக்கி உள்ளே கொடுக்க அவர் கை நீட்டினார். முழங்கைவரை வெறும் கை. நீலம் முழுவதும் போயிருந்தது, நகக்கண்ணில்கூடச் சிவப்பு இல்லை. அந்தக் கைகளின் நிறம் அதுதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பையைக் கொடுத்துவிட்டு மூட்டைகளிடம் திரும்பிப் போனார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். 'யை' விட்டுப்போன கதையை அவரிடம் சொல்ல, பஸ் கிளம்பும்வரை நேரம் இருந்தது. கண்டக்டர் வெளியே நின்று டீ குடித்து முடிக்கும் அளவுக்கு நேரம் இருந்தது. நான் இறங்கவில்லை.